பழைய ஜீப் பெயிண்டை உரிக்கப் போறீங்களா? தகட்டையும் பாருங்க, தொழிலாளியின் மூச்சையும் பாருங்க!

காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி கொல்லிமலை போனவர்களுக்குத் தெரியும், அந்தச் சாலையில் பழைய ஜீப்புக்கு இருக்கிற மரியாதையே தனி. ஆனால் மலை மழையும் மூடுபனியும் தகட்டை சும்மா விடாது. பானெட் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே துருப் பொடி.

'மொத்தமா உரிச்சுட்டு புதுசா அடிச்சிடலாம்' என்று முடிவு பண்ணி, வண்டியை மலையிறக்கி நாமக்கல் கொண்டு வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி பாடி கட்டுவதற்குப் பேர் போன ஊர். பட்டறையில் பெரும்பாலும் வருகிற பதில் இப்படித்தான் இருக்கும்: "சாண்ட் பிளாஸ்டிங் கொடுத்துரலாங்ணா, ஒரே நாள்ல வெள்ளித் தட்டு மாதிரி ஆயிரும்."

ஆகும்தான். ஆனால் அந்த ஒரே நாளில் தகடு நெளிந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. அப்போ எந்த முறைதான் சரி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழுசா உரிக்கணுமா?

முதல் கேள்வியே இதுதான். பழைய பெயிண்ட் இறுக்கமாகப் பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி அதன்மேலேயே அடிக்கலாம். கொப்பளம், வெடிப்பு, பல அடுக்கு பெயிண்ட் இருந்தால்தான் உரிக்க வேண்டும்.

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் அடியில் கனமாகப் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டிக்குக் கீழே ஓட்டை இருக்கலாம். உரித்த பிறகு டிங்கரிங் செலவு எகிறுவது இங்கேதான்.

சாண்ட் பிளாஸ்டிங்: எங்கே ஓகே, எங்கே ஆபத்து?

அழுத்தக் காற்றில் மணலை வேகமாக அடித்து பெயிண்டையும் துருவையும் சேர்த்தே எடுக்கும் முறை இது. சேஸிஸ், ஆக்ஸில், வீல் டிஸ்க் போன்ற கனமான பாகங்களுக்கு இதுபோல வேறொன்று இல்லை.

பிரச்சினை மெல்லிய தகட்டில்தான். இன்றைய கார்களின் பாடி தகடு சுமார் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பழைய ஜீப் தகடு இதைவிடக் கனம் என்றாலும், பானெட் மாதிரி அகலமான தட்டைப் பரப்பு தாங்காது. 'சூட்டில் நெளியுது' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒவ்வொரு மணல் துகளும் ஒரு குட்டிச் சுத்தியல். ஒரு பக்கத்தை மட்டும் லட்சக்கணக்கான முறை தட்டினால் அந்தப் பக்கம் விரியும், தகடு உப்பும். உப்பிய பானெட்டை மறுபடி நேராக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை.

அடுத்தது, அடிக்கிறவரின் நுரையீரல். ஆற்று மணலில் சிலிக்கா அதிகம். அது நொறுங்கி வரும் கண்ணுக்குத் தெரியாத தூசு சிலிகோசிஸ் நோயைத் தரும். இந்த நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-ல் கொண்டுவந்த விதிமுறையிலேயே பிளாஸ்டிங்குக்கு சிலிக்கா மணலைத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்களில் சிலிகோசிஸும் ஒன்று. மூக்கில் துண்டு கட்டினால் இந்தத் தூசு நிற்காது.

பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "எதை வெச்சு அடிக்கிறீங்க?" ஆற்று மணல் என்றால் வேண்டாம். கார்னெட் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. அவற்றுக்கும் மூடிய அறையும், வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் தலைக்கவசமும் தேவை.

சோடா பிளாஸ்டிங்

மணலுக்குப் பதில் சமையல் சோடா வகையை அடிப்பது. 1980-களில் அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைப் புதுப்பித்தபோது, செப்புத் தகட்டின் உள்பக்கம் இருந்த தார்ப் பூச்சை இப்படித்தான் எடுத்தார்கள். தகடு நெளியாது. ஆனால் துருவை எடுக்காது. சோடாப் படிவை நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயிண்ட் ஒட்டாது.

பெயிண்ட் ரிமூவர்

தடவி, கொப்பளிக்க விட்டு, சுரண்டி எடுப்பது. மெல்லிய தகட்டுக்கு நல்லது. நெளிவு பயம் இல்லை.

வாங்கும்போது டப்பாவில் 'மெத்திலீன் குளோரைடு' இருக்கிறதா என்று பாருங்கள். இது சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். உயிரிழப்புகளுக்குப் பிறகு, 2019-ல் அமெரிக்கா பொதுமக்களுக்கு இந்த வகை ரிமூவரை விற்பதைத் தடை செய்தது. என்95 மாஸ்க் ஆவியைத் தடுக்காது. சாதாரண ரப்பர் கையுறையும் போதாது. இது இல்லாத ரிமூவர் மெதுவாகத்தான் வேலை செய்யும். பரவாயில்லை, காத்திருங்கள். அதையும் திறந்தவெளியில்தான் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று: தகடு மடிப்புகளில் ரிமூவர் புகுந்து தங்கினால், சில மாதங்களில் புதுப் பெயிண்டை அடியிலிருந்து தூக்கிவிடும். ஓரங்களில் தடவாமல் அங்கே கையால் தேய்ப்பதே பாதுகாப்பு.

உப்புத்தாளும் கிரைண்டரும்

செலவு குறைவு, நேரம் அதிகம். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தினால் தகடு சூடாகி நெளியும், தேய்ந்தும் போகும்.

பழைய வண்டி என்றால் ஈயத்தையும் மறக்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்களில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016-ல் வந்து, 2017-ல் அமலானது. வண்டிப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. அதனால் உலர வைத்துத் தேய்க்காமல் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரில் தேய்ப்பது நல்லது. ஹீட் கன் சூட்டில் ஈயப் புகை வரலாம், தவிர்த்துவிடுங்கள். தூசு படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்கவும் கூடாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வண்டிக்கு ஒரே முறை என்று நினைப்பதுதான் தவறு. பழைய ஜீப்பில் பாடியை போல்ட் கழற்றி சேஸிஸில் இருந்து தனியாக எடுக்கலாம். சேஸிஸை பிளாஸ்டிங்குக்கு அனுப்புங்கள். பானெட், பக்கத் தகடுகளுக்கு ரிமூவரும் உப்புத்தாளும். அம்பாசடர் போன்ற கார்களில் தனி சேஸிஸ் கிடையாது; பாடியின் பெட்டி போன்ற பகுதிகளுக்குள் மணலோ ரசாயனமோ போனால் வெளியே எடுப்பது கஷ்டம். அங்கே பொறுமையாகக் கையால்தான்.

பிளாஸ்டிங்குக்கு முன் சேஸிஸ் எண்ணை போட்டோ எடுத்து, பென்சில் அச்சும் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தைத் தடித்த டேப்பால் மூடச் சொல்லுங்கள். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். எண் தேய்ந்துபோனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கடைசியாக, மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உரித்த தகட்டை அப்படியே மேலே ஏற்றிவிடாதீர்கள். ஈரக் காற்று பட்டால் சில மணி நேரத்திலேயே பழுப்பு படரும். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், எபாக்ஸி பிரைமரை உரித்த அன்றே, உரித்த இடத்திலேயே அடித்துவிடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு ஏறலாம் அந்த 70 வளைவுகளை.