எலும்பைக் கரைக்க ஆள் பிடிக்கும் கட்டி

மார்பகத்தில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் போய் உட்காருவானேன்? ரத்தம் உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது? 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட்டைக் குடைந்த கேள்வி இது. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டினார். கல்லீரலில் தாராளமாகப் பரவியிருந்த நோய், மண்ணீரலை அவ்வளவாகத் தொடவில்லை. விதை எங்கு விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று முடிவுகட்டினார். அந்த விதை மண்ணைத் தனக்கேற்பப் பண்படுத்தவும் செய்கிறது என்பது பின்னாளில் தெரியவந்தது.

பண்படுத்த அது பயன்படுத்துபவற்றில் முக்கியமானவை வளர்ச்சிக் காரணிகள். பெருகு, நகர் என்று ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சொல்லியனுப்பும் புரதங்கள் இவை. காயம் ஆறும்போது எல்லார் உடம்பிலும் சுரக்கும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். கட்டியில் அடங்குவதில்லை. கட்டி ‘விஇஜிஎஃப்’ என்ற காரணியைச் சுரந்து புதிய ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் வளரவைக்கிறது. அரைகுறையாக உருவான அந்தக் குழாய்களின் சுவர் ஒழுகும். புற்றுநோய்ச் செல்கள் உள்ளே நுழைவது எளிது. ‘சிஎஸ்எஃப்-1’ சுரந்து மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களையும் இழுக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய அவையோ ‘இஜிஎஃப்’ கொடுத்துப் புற்றுநோய்ச் செல்களுக்கு வழித்துணையாகின்றன. இரண்டும் சேர்ந்து நகர்வதை எலிகளில் நுண்ணோக்கி வழியே பார்த்திருக்கிறார்கள்.

எலும்பில் நடப்பது இன்னும் விசித்திரம். அங்கே சேர்ந்த செல்கள் பெரும்பாலும் தாமாக எலும்பைக் கரைப்பதில்லை, ஆள் பிடிக்கின்றன. பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதில் ஏமாந்து, எலும்பைக் கட்டும் செல்கள் ‘ராங்க்-எல்’ என்ற சமிக்ஞையைக் காட்டுகின்றன. உடனே எலும்பைக் கரைக்கும் செல்கள் பெருகி வேலையைத் தொடங்குகின்றன. எலும்பு கரையக் கரைய, அதற்குள் சேமிப்பிலிருந்த ‘டிஜிஎஃப்-பீட்டா’ என்ற காரணி வெளிவருகிறது. அதைப் பெற்ற புற்றுநோய்ச் செல்கள் முன்னைவிட அதிகமாக அந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. நோயின் தொடக்கத்தில் செல் பெருக்கத்துக்குத் தடைபோடுவதும் இதே டிஜிஎஃப்-பீட்டாதான்!

இந்தச் சுழற்சியை எந்தக் கண்ணியிலும் அறுக்கலாம் என்று தோன்றும். அவ்வளவு சுலபமில்லை. விஇஜிஎஃப்-ஐத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு மார்பகப் புற்றுநோய்க்காக 2008-இல் அமெரிக்கா தந்த அனுமதி, ஆயுளை நீட்டவில்லை என்று 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. ராங்க்-எல்லை மறிக்கும் டெனோசுமாப், கரைக்கும் செல்களை முடக்கும் சோலெட்ரோனிக் அமிலம் ஆகிய ஊசிகள் நிலைத்துவிட்டன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை; எலும்பு முறிவையும் வலியையும் குறைக்கின்றன. அரிதாகத் தாடையெலும்பு பழுதாகலாம் என்பதால், ஊசி தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்டிவிடச் சொல்வார்கள்.