புதுக்கடையில் வழங்கும் இலத்தீன்

இலத்தீன் மாண்டுபோன மொழி என்பர். அதனைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் மக்கட் கூட்டம் இன்று எங்கும் இல்லை. எனினும், கொழும்புத் தமிழருக்கு அது முற்றிலும் அந்நியமான மொழியன்று. கொட்டாஞ்சேனையிலுள்ள புனித லூசியா பேராலயத்தில், ஏனைய கத்தோலிக்க ஆலயங்களிற்போலவே, பூசை நெடுங்காலம் இலத்தீனில் நடைபெற்றது. "தோமினுஸ் வோபிஸ்கும்" என்று குருவானவர் கூறுவார். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்பது அதன் பொருள். பூசைக்கு உதவும் சிறுவர் அதற்குரிய விடையை இலத்தீனிலேயே மனனஞ் செய்து கூறினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்தபின் அவ்வழக்கம் அருகிற்று.

கல்லூரிகளின் இலச்சினைகளிலும் இம்மொழியைக் காணலாம். 1835இல் தோன்றிய றோயல் கல்லூரியின் மகுட வாக்கியம் "டிஸ்கே ஔட் டிஸ்கேடே" என்பது. 'கற்றுக்கொள், இன்றேல் விலகிப் போ' என்பது அதன் கருத்து. 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கி, 1918இல் கல்கிசைக்கு இடம்பெயர்ந்த பரி. தோமாவின் கல்லூரி "எஸ்டோ பெர்பெட்டுவா" என்பதைக் கொண்டுள்ளது. 'என்றென்றும் நிலைத்திருப்பாயாக' என்பது பொருள்.

ஆலயத்திலும் கல்லூரியிலும் இலத்தீனின் பொருள் தெரியாதிருப்பதால் எவருக்கும் பெருங்கேடு நேர்வதில்லை. புதுக்கடை நீதிமன்றங்களில் நிலைமை வேறு. ஒல்லாந்தர் தம்மோடு கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைபெறச் செய்தனர். பின்னர் ஆங்கிலச் சட்டத்தின் எழுத்தாணைகளும் வந்து சேர்ந்தன. இவ்விரண்டும் இலத்தீன் தொடர்களைச் சுமந்து வந்தவை. ஆகவே, வெள்ளவத்தையில் வீட்டு வழக்கொன்றில் அகப்பட்டவரும் கொட்டாஞ்சேனையில் கடன் வழக்கொன்றை எதிர்நோக்குபவரும் இத்தொடர்களைக் கேட்டே ஆகவேண்டும்.

இத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கிட்டாது. 'கைகழுவி விட்டான்' என்பதைக் கேட்கும் தமிழர் எவரும் தண்ணீரை நினைப்பதில்லை. அதுபோன்றே இலத்தீன் தொடரும் முழுமையாய் நின்றே பொருள் தருவது.

இதற்குச் சிறந்த உதாரணம் "ஹேபியஸ் கோர்ப்பஸ்". 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக' என்பது அதன் சொற்பொருள். 'உடல்' என்றதும் சடலம் என்று அஞ்சுவோர் உளர். இங்கே உடல் என்பது உயிருள்ள ஆளையே குறிக்கும். ஒருவரைத் தடுத்து வைத்திருப்பவர், அவரை நீதிபதியின் முன் கொணர்ந்து, தடுத்து வைத்தற்குரிய காரணத்தைக் கூறவேண்டும் என்பதே கட்டளை. தமிழில் 'ஆட்கொணர்வு' என்று வழங்குவது அதன் கருத்தை நன்கு உணர்த்துகிறது. 1937இல் பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞரை நாடு கடத்துமாறு தேசாதிபதி ஆணையிட்டு, அவர் கைது செய்யப்பட்டபோது, உயர் நீதிமன்றம் இவ்வழியாலேயே அவரை விடுவித்தது. தேசாதிபதியின் ஆணையும் சட்டத்துக்கு உட்பட்டதே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை இவ்வதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. காணாமற்போன மக்களைத் தேடும் பெற்றோர் பலர் நாடிச் சென்றதும் இவ்விரு சொற்களையே. அவர்கள் கேட்டது சடலத்தையன்று, பிள்ளையை.

அடுத்தது "எக்ஸ் பார்ட்டே". 'ஒரு பக்கத்திலிருந்து' என்பது சொற்பொருள். குறித்த நாளில் எதிராளி தோன்றாவிடின், வழக்காளியின் சாட்சியத்தை மட்டுங் கேட்டு வழக்கு முடிக்கப்படும் என்பது கருத்து. இவ்வாறு பிறந்த தீர்ப்பாணை தமது கையில் சேர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள், தாம் வராமைக்குத் தக்க காரணங் காட்டி, அதனை நீக்குமாறு எதிராளி விண்ணப்பிக்கலாம். பொருள் விளங்காது கடதாசியை மடித்து அலுமாரியில் வைப்பவர் அத்தவணையை இழப்பார்.

விவாகரத்து வழக்கில் வரும் "டிக்ரீ நைசை" என்பதும் அத்தகையதே. 'நைசை' என்றால் 'அன்றேல்' என்று பொருள். தக்க தடை எவரும் காட்டினாலன்றி இது பின்னர் முற்றாகும் என்பது கருத்து. குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்து, முற்றான தீர்ப்பாணை பிறக்கும்வரை விவாகம் அறுவதில்லை. முதலாவது கடதாசியைக் கண்டவுடன் மறுமணத்துக்கு நாட் பார்ப்பது பெருந்தவறாகும்.

இத்தொடர்களைக் கற்க விரும்புவோர் அகராதியை முதலிலிருந்து மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. ஒவ்வொரு தொடருக்கும் மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும். சொற்பொருள் யாது? எத்தகைய இடத்தில் வழங்கும்? அதனைக் கேட்டபின் செய்ய வேண்டியது யாது? "சைனி டைஈ" என்றால் 'நாளின்றி'. நாட் குறியாது ஒத்திவைத்தலைக் குறிக்கும். வழக்கு முடிந்துவிட்டதென்று எண்ணாது, அடுத்த அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டும். இம்முறையிற் பத்துத் தொடர்களைக் கற்றவர், பொருளறியாது நூறு தொடர்களை ஒப்புவிப்பவரிலும் மேலானவர்.

மூன்றாவது வினாவுக்குத் தாமே விடை காண முடியாதவர், கடதாசியிற் கையொப்பமிடுமுன் தமது சட்டத்தரணியிடம் அதனைத் தமிழிற் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்பது அறியாமையாகாது. தம் வழக்கைத் தாமே விளங்கிக்கொள்வது வழக்காடுவோர் ஒவ்வொருவரின் உரிமையாகும்.