போஜனமும் விருந்தும்: செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆண்டவர் பந்தி

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கோவளம் கார்மேல் மாதா ஆலயத்தில் ‘நற்கருணை’ எனப்படுவது, செங்கல்பட்டுச் சீர்திருத்தச் சபையாரிடையே ‘இராப்போஜனம்’, ‘திருவிருந்து’ எனவும் வழங்கும். இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கடந்துவிடுதல் இயலாது. நன்றிகூறலைக் குறிக்கும் ‘யூக்கரிஸ்தியா’ என்னும் கிரேக்கச் சொல்லை உறுப்புறுப்பாகப் பெயர்த்ததுபோல் தோன்றுவது நற்கருணை. அதில் நன்றி பின்னடைய, அருள் முன்நிற்கிறது. இராப்போஜனமோ பவுல் ஆளும் ‘தெய்ப்னோன்’ (மாலையுணவு) என்பதன் நேர்ப்பெயர்ப்பு.

மத்தேயு 26, மாற்கு 14, லூக்கா 22 ஆகியன இவ்வுணவின் தோற்றத்தைக் கூறுவன. யோவான் 13இல் அப்பமும் கிண்ணமும் இடம்பெறவில்லை. சீடர் காலைக் கழுவுதலே உண்டு. எழுத்துவடிவில் இவற்றினும் முற்பட்டது 1 கொரிந்தியர் 11. அங்குப் பவுல் எடுத்துக்கொண்டது பந்தியில் நேர்ந்த பூசல். வசதியுடையோர் முந்தியுண்டு வெறித்திருக்க, இல்லாதோர் பசித்திருந்தனர். அது ஆண்டவருடைய உணவே அன்று என்கிறார். 11:29இல் வரும் ‘உடலை அறிதல்’ அப்பத்தை மட்டுமே சுட்டும் என்பாருமுளர். ஓர் அப்பத்தில் பங்குபெறும் பலரும் ஓருடல் என 10:17 கூறுவதால், சபையையும் அது சுட்டும் எனக் கொள்வதே பொருந்தும்.

உண்கலமே சாதியின் எல்லையாக இருந்த தமிழ்நிலத்தில் இவ்வாசிப்பு ஏட்டளவில் நிற்கவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை விலக்க ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது. புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்தோர் பக்கமே நின்றார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, ஒடுக்கப்பட்டோர் சமைத்த உணவை உண்டு சாதி விட்டமையை மெய்ப்பித்த பின்னரே ஒருவரைச் சபையில் சேர்க்கலாம் என்றது. லீப்சிக் லுத்தரன் மிஷன் இதற்கு உடன்படவில்லை. செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபைக்கும் இவ்வினா உயிருள்ளதாகவே இருந்தது. அம்மாவட்டப் பறையர் நிலையை ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கையாக அளித்தார். அம்மக்களிடையேதான் அம்மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ பணியாற்றினார்.

விருந்து என்பது முதலில் புதுமையையும், பின் புதியவரையும், அதன்பின்னரே அவர்க்கிடும் உணவையும் குறித்தது. தொல்காப்பியம் அதனைப் புதுமை சுட்டும் வனப்பாகவே கொள்ளும். அவ்வகையில், அயலாரை உள்ளிருத்தும் பொருளை மூன்று பெயர்களுள் ‘திருவிருந்தே’ மிகுதியும் தாங்குகிறது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் திருவிருந்து முறையில் சமாதானத்தைக் கைவழியே ஒருவர் மற்றவர்க்கு அளிக்கும் வழக்கத்தை அமைத்தது. அப்பம் பிட்கப்படுமுன் அருகிலிருப்பவரின் கையைத் தொட்டாக வேண்டும்.