இன்வெர்ட்டரிலிருந்து தொடங்கு

காசி மடத்தை உண்டாக்கிய குமரகுருபரர், முகலாய ஆட்சியாளரிடம் பேச இந்துஸ்தானி வேண்டுமென்று சகலகலாவல்லி மாலை பாடினார். கலைமகள் அருளால் மொழி உடனே கைவந்தது என்று பரம்பரையாகச் சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டுச் சங்கதி. அந்த மடம் இன்று தலைமையிடம் கொண்டிருப்பது நம் திருப்பனந்தாளில்தான். ஆனாலும் அந்த வழி உனக்கும் எனக்கும் திறக்கிற மாதிரித் தெரியவில்லை, தம்பி. உன் கையில் இருப்பது வங்கித் தேர்வுக்கான தடித்த சொற்பட்டியல். ‘ஏ’யில் தொடங்கி மனப்பாடம் பண்ணுகிறாய். அபான்டன், அபேட், அப்ஹார்... இப்படிப் படித்த எல்லாருக்கும் ‘ஏ’ வரிசை தண்ணீர்பட்ட பாடாக இருக்கும். ‘சி’யைத் தாண்டியவர்கள் அபூர்வம். டீயைக் குடி, வேறு வழி ஒன்று சொல்கிறேன்.

அகரவரிசை என்பது சொல்லைத் தேடுவதற்கு ஏற்பட்டது, கற்பதற்கு அல்ல. பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. நம் டெல்டாவிலேயே, அம்பரில் இருந்த சேந்தன் ஆதரவில் திவாகரர் செய்த நிகண்டு, தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பிரித்து வைத்தது. ஒரு சொல்லைத் தொட்டால் அதன் சுற்றமெல்லாம் கூடவே வரும். ஆங்கிலத்தில் அந்தச் சுற்றத்தைக் கூட்டி வருவது வேர்ச்சொல். அந்த மொழியின் கனமான சொற்களில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்களில் முளைத்தவை. நார்மன் லூயிஸ் 1949-இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இந்த வழியில்தான் போகிறது. இன்றும் விற்கிறது. நல்ல புத்தகம்தான், ஆனால் அவர் அமெரிக்கர்களுக்காக எழுதினார். நீ உன் வீட்டிலிருந்து தொடங்கலாம்.

கரண்ட் போனால் உங்கள் வீட்டில் எது ஓடுகிறது? இன்வெர்ட்டர். அதற்குள் இருக்கும் ‘வெர்ட்’ என்ற வேருக்குத் திருப்புதல் என்று பொருள். ஏசியை டிசி ஆக்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. இது அந்த வேலையைத் தலைகீழாகத் திருப்பிச் செய்வதால் அந்தப் பெயர். ‘வெர்ட்’ சில இடங்களில் ‘வெர்ஸ்’ ஆகும். நம் ‘வா’, ‘வந்தான்’ என்பதில் குறுகவில்லையா, அப்படித்தான். ரோடு வேலை நடக்கும் இடத்தில் ‘டைவெர்ஷன்’ பலகை, வண்டியில் ரிவெர்ஸ் கியர், டாக்டர் சொல்லும் வெர்டிகோ எல்லாம் இந்தக் குடும்பம். இவை உனக்குத் தெரியும். இனி தெரியாதவற்றுக்குப் போ. அட்வெர்ஸரி: உன்னைப் பார்த்துத் திரும்பி நிற்பவன், எதிராளி. கான்ட்ரவெர்ஸி: எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதால் வரும் சர்ச்சை. இன்ட்ரோவெர்ட்: உள்ளே திரும்பியவன். இனட்வெர்டென்ட்: கவனம் அந்தப் பக்கம் திரும்பாததால் தெரியாமல் நேர்ந்தது. பட்டியலில் இவை நாலு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். இங்கே ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதினாய் அல்லவா? பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். நன்னூல் சொல்லும் அந்த ஆறையும் ஆங்கிலத்தின் மேல் அப்படியே போட முடியாது. நமக்கு ஒட்டுகள் பெரும்பாலும் பின்னால் சேரும், லத்தீனில் முன்னாலும் சேரும். ஆனால் சந்தியும் விகாரமும் அங்கேயும் இருக்கின்றன. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பக்கத்து எழுத்துக்கு ஏற்ப மகரம் மாறுகிறது. அதே மாதிரி, இல்லை என்று சொல்லும் ‘இன்’, பகரத்துக்கு முன்னால் ‘இம்’ ஆகி இம்பாஸிபிள்; லகரத்துக்கு முன்னால் ‘இல்’ ஆகி இல்லீகல்; ரகரத்துக்கு முன்னால் ‘இர்’ ஆகி இர்ரெகுலர். கூட, சேர்ந்து என்ற பொருள் தரும் ‘கான்’ லகரத்துக்கு முன்னால் ‘கால்’ ஆவதால் கலெக்டர், அதாவது சேர்த்துத் திரட்டுபவர். வரி திரட்டத்தான் கும்பெனிக்காரன் அந்தப் பதவியை வைத்தான். பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்டும் இதே ‘கான்’தான், ரகரத்துக்காக உருமாறியது. ஆங்கிலேயப் பிள்ளை இதை விதிவிலக்காகப் படிக்கிறது. உனக்கு இது பழகிய புணர்ச்சி. (வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறிய மு. வரதராசனுக்கு 1935-இல் ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது இந்த ஊர் மடம். இலக்கணம் சோறு போடாது என்று இந்த ஊரில் யாரும் சொல்லக்கூடாது.)

இரண்டாவது சலுகை வயல். லத்தீன் பேசியவர்கள் முதலில் உழவர்கள். அவர்களுடைய பெரிய பெரிய சொற்களைக் கிளறினால் சேறு வரும். செய்யுள் வரியைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ கூட அந்தத் திருப்புதல்தான். கலப்பை ஒரு சால் ஓட்டி முடித்துத் திரும்புகிறதே, அது. உழவுசாலுக்கு அவர்கள் சொல் ‘லீரா’. சாலை விட்டு விலகி ஓட்டுகிறவன் புத்தி பிசகியவன் என்று வைத்தார்கள். அதிலிருந்து வந்தது டெலீரியம், காய்ச்சல் வேகத்தில் பிதற்றுவது. கல்லூரியில் செமினார் நடத்துகிறார்களே, அதன் தாய்ச்சொல்லுக்கு நாற்றங்கால் என்று பொருள். டிஸ்ஸெமினேட் என்றால் விதையைத் தூவுவது; இப்போது செய்தியைப் பரப்புவது.

எனக்கு மிகவும் பிடித்தது ரைவல். போட்டியாளன், எதிரி என்று பட்டியலில் போட்டிருப்பான். ‘ரீவுஸ்’ என்றால் வாய்க்கால். ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ரீவாலிஸ்கள் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே விளக்கம் இருக்கிறது. தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ரீவுஸிலிருந்துதான் உன் கணக்குப் பாடத்து டெரிவேஷனும். வாய்க்கால் வெட்டி நீரைப் பிரித்தெடுப்பது அதன் முதல் பொருள். வடக்கே அணைக்கரைக்குப் போய்ப் பார். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணத்துக்குப் போகிறது. அதுதான் டெரிவேஷன். காட்டன் மாதிரியான எஞ்சினீயர்கள் பதிலுக்கு நம்மிடமிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அணைக்கட்டு ‘அனிகட்’ ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது. கல்லணை ‘கிராண்ட் அனிகட்’ ஆனது.

இவ்வளவு கேட்டதும் ரிவர் என்ற சொல்லும் ரீவுஸிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைப்பாய். இல்லை. அங்கேதான் வழுக்கும். அது ‘ரீபா’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. ரீபா என்றால் கரை. கரை சேர்வதுதான் அரைவ். காவிரி வழக்குச் செய்திகளில் ரைபேரியன் மாநிலங்கள் என்று ஓயாமல் வந்ததே, அதுவும் கரைக்காரர்கள் என்பதுதான். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்ததிலிருந்து 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது வரை அந்தச் சொல்லை விட்டு வழக்கைப் பேசவே முடியாது. ஆகவே ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு கட்டாதே. நல்ல அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிறப்பு வரலாறு போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நோட்டில் எழுது.

இன்னொரு வழுக்கல், வேர் சொல்வது பழைய பொருள். எக்ரீஜியஸ் என்றால் மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் பாராட்டு. இப்போது படுமோசமான தவறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வேரை நம்பி மேலாளருடைய சேவையை எக்ரீஜியஸ் என்று நீ எழுதினால் வேலை கிடைத்த மாதிரிதான். அதனால் வேரோடு நிற்காதே. சொல் இன்றைக்கு ஓடுகிற வாக்கியம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து எடுத்து எழுது, கீழே உன் வாக்கியம் ஒன்று. உன் வாக்கியத்தில் நம்ம ஊர் இருக்கட்டும், மனசில் நிற்கும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு வேர் போதும். மேலே உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல், கீழே அதன் சொந்தக்காரர்கள். இன்று ‘ஸ்பெக்ட்’டை எடுத்துக்கொள், பார்த்தல் என்று பொருள். இன்ஸ்பெக்டரிலிருந்து தொடங்கு, உள்ளே புகுந்து பார்ப்பவர். ஸ்பெக்டேட்டர் வேடிக்கை பார்ப்பவர். ரெட்ரோஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது. சர்கம்ஸ்பெக்ட் என்றால் சுற்றும் முற்றும் பார்த்துக் காலடி வைக்கிறவர், எச்சரிக்கையானவர். நம் பேச்சில் இருப்பது அப்படியே அங்கேயும் இருக்கிறது பார். சஸ்பெக்டும் இந்தக் குடும்பம்தான். அதன் முன்னால் ஒட்டியிருக்கும் ‘சஸ்’ எந்த ஒட்டின் திரிபு, எந்தத் திசையிலிருந்து பார்க்கிறான் என்பதை நாளைக்கு நீ எனக்குச் சொல்.