நாய் கடிக்கும் முன்னே

மும்பையின் கோவண்டியில், தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிய சந்துகளில், பிள்ளைகள் விளையாடும் இடமும் தெருநாய்கள் இரை தேடும் இடமும் ஒன்றுதான். வெறிநோய் உள்ளதாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கால்நடை மருத்துவர்கள் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடத்தை வீட்டிலும் சொல்லிக் கொடுங்கள். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் அருகே போகவே கூடாது. நாய் உறுமிக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, ஓடினால் துரத்தும். கைகளை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணைப் பார்க்காமல், அசையாமல் நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி 15 நிமிடம் கழுவுங்கள். நம் பகுதியில் தண்ணீர் எவ்வளவு அருமை என்று தெரியும். அன்றைக்குக் குடமே காலியானாலும் பரவாயில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. சின்னக் கீறல்தானே என்று விடாமல், அன்றே மாநகராட்சி மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். மருத்துவர் சொல்லும் நாட்களில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடியுங்கள்.