உங்களுக்குத் தெரியுமா? கொள்ளுக்குள் ஒரு காவல்

தர்மபுரியின் மானாவாரிக் காடுகளில் ராகியைப் போலவே பழகிய பயிர் கொள்ளு. முன்பு இம்மாவட்டத்தில் இருந்து, 2004இல் மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரிக்குப் போய்விட்ட பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே ‘பையூர் 2’ என்றொரு கொள்ளு ரகம் உண்டு. இந்த விதை, தன்னைத் தின்ன வரும் பூச்சியின் செரிமானத்தை முடக்க ஒரு குட்டிப் புரதத்தை வைத்திருக்கிறது. அதன் பெயர் பௌமன்-பிர்க் தடுப்பான். டிரிப்சின், கைமோடிரிப்சின் என்று புரதத்தை வெட்டும் இரண்டு நொதிகளையும் அது ஒருசேரக் கட்டிப்போடும். பச்சைக் கொள்ளு நமக்குச் சரியாகச் செரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேடிக்கை என்னவென்றால், நம் குடலின் உட்சுவரும் தனக்கென ஒரு தடுப்பானைச் சுரக்கிறது: எலாஃபின். குடலில் அழற்சி வந்தால் வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டும். அது கிருமியோடு நிற்பதில்லை. செல்லோடு செல்லை இறுக்கிப் பிடிக்கும் இணைப்புகளையும் அரித்துவிடும். சுவர் கசியும், அழற்சி இன்னும் மூளும். எலாஃபின் அந்த நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. அரிப்பு நின்றால்தான் புதுச் செல்கள் நகர்ந்து வந்து புண்ணை மூட முடியும்.

அப்படியானால் விதையின் தடுப்பானும் குடலுக்கு உதவுமா? சோயாவிலும் உள்ள பௌமன்-பிர்க் தடுப்பானின் செறிவை, பெருங்குடல் புண் அழற்சி உள்ள 28 பேரிடம் அமெரிக்க மருத்துவர்கள் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். பலன் இருக்கலாம் என்ற அறிகுறி தெரிந்தது, ஆனால் சோதனை மிகச் சிறியது. அதற்காகக் கொள்ளு ரசம் குடல் மருந்தாகிவிடாது. வேகவைக்கும்போதே தடுப்பானின் வீரியம் பெருமளவு போய்விடும். மலத்தில் ரத்தம் கண்டால் மருத்துவரிடம் போங்கள்.