ஏன் கழற்றினீர்கள் என்று கேளுங்கள்

மார்ச் 4 முதல் 10 வரை தேசியப் பாதுகாப்பு வாரம். 1966-ல் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் தொடங்கப்பட்ட நாளையொட்டி ஆண்டுதோறும் வருவது. கட்டுமான சைட்டுகளில் பேனர் கட்டுவார்கள், கையை நீட்டி உறுதிமொழி எடுப்பார்கள், ஒழுங்காக ஹெல்மெட் போட்டவருக்குச் சின்னதாக ஒரு பரிசும் உண்டு. காலண்டரைப் பார்த்தால், காலைப்பனி விலகி வெயில் ஏறத் தொடங்குகிற வாரமும் அதுதான். அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். வரப்போகிற கோடைக்கு எதைப் போட்டுக்கொள்வது, கொடுத்ததில் எதைப் போட முடியவில்லை என்று வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேச இதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஆனால் அந்த வாரம் முழுக்க மைக் ஒரே பக்கம்தான் இருக்கிறது.

மே மாதத்துப் பதினொரு மணி. கம்பி கட்டுகிற ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார். சேஃப்டி ஆபீசர் கண்ணில் பட்டால் சத்தம், இரண்டாவது முறை என்றால் அபராதம். அவரும் எடுத்து மாட்டிக்கொள்வார், ஆபீசர் தலை மறைந்ததும் மறுபடி கழற்றுவார். “ஏண்ணே கழட்டிட்டீங்க?” என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளும் எண்ணத்தில் கேட்டால் பேச்சு ‘தலை வேகுது’ என்பதோடு நிற்பதில்லை. நெற்றிப்பட்டை நைந்துபோய் வியர்வை நேராகக் கண்ணில் இறங்கும். திருகை இறுக்கினால் தலைவலி, தளர்த்தினால் குனியும்போது கழன்று விழும். துண்டை மடித்து உள்ளே வைத்தால் வியர்வையை உறிஞ்சும், ஆனால் அதற்கும் திட்டு.

இவை மூன்றும் வேறு வேறு கோளாறுகள், மூன்றுக்கும் தீர்வு வேறு. நெற்றிப்பட்டையை மட்டும் தனியாக மாற்றலாம், ஹெல்மெட் விலையில் அது சொற்பம். குனிந்து செய்கிற வேலைக்குத் தாடைப்பட்டை வேண்டும். துண்டு விஷயத்தில் திட்டுவதைவிட விளக்குவது நல்லது. மேல் ஓட்டுக்கும் தலையைத் தாங்கும் உள்பட்டைகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் மேலிருந்து விழும் பொருளின் அடியை வாங்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பீடிக்கட்டும் செல்போனும் வைத்தால் அடி நேரே மண்டைக்குப் போகும். தடித்த துண்டை உள்பட்டைக்கும் தலைக்கும் நடுவே வைத்தால் ஹெல்மெட் தலையில் உட்காராமல் மேலே ஏறி நிற்கும். தலையோடு ஒட்டும் மெல்லிய பருத்திக் குல்லா இந்தச் சிக்கலைத் தராது. இதைக் கையில் ஒரு ஹெல்மெட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் வெயிலில் மூப்படையும் என்பதையும் அப்போதே காட்டிவிடலாம். நிறம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டினாலோ, மெல்லிய விரிசல் தெரிந்தாலோ அது உழைத்து முடித்துவிட்டது என்று பொருள். தயாரான மாதமும் ஆண்டும் உட்புறத்தில் அச்சாகியிருக்கும். பல சைட்டுகளில் வெள்ளை ஹெல்மெட் இன்ஜினியருக்கு, மஞ்சள் தொழிலாளிக்கு. வெயிலை அதிகம் திருப்பியனுப்பும் நிறம், நிழலில் அதிகம் நிற்கிறவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

சித்தாள் பெண்களிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். கலவைச் சட்டியையும் செங்கல்லையும் தலையில் சுமக்கிறவருக்குச் சும்மாடு வேண்டும். சும்மாட்டையும் ஹெல்மெட்டையும் ஒரே தலையில் எப்படி வைப்பது? விதி ஹெல்மெட் போடு என்கிறது, வேலை கழற்று என்கிறது. இந்த முரணை எந்தப் போஸ்டரும் தீர்க்காது. தள்ளுவண்டியோ ஹாய்ஸ்ட்டோ வந்து சுமை தலையைவிட்டு இறங்கினால்தான் தீரும். கையுறையும் ஷூவும் பெரும்பாலும் ஆண்கள் அளவில் வருகின்றன. உயரத்தில் கட்டிக்கொள்ளும் சேஃப்டி பெல்ட்டின் தொடைப்பட்டைகளைச் சேலை மேல் மாட்ட முடியாது. சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு என்று இந்தப் பெண்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கோடை உடுப்பு இருக்கிறதே, வெயிலுக்கு அது நல்ல உடுப்பு. தளர்வான பருத்தி, காற்றோட்டம், வெயில் நேராகத் தோலில் படாத மறைப்பு. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் வாங்கித்தரவும் இல்லை.

அவர்களே சொல்லத் தயங்குகிற ஒன்றும் உண்டு. கழிப்பறை இல்லாத சைட்டில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடும் வெயிலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு. கோடைக்கான பாதுகாப்புச் சாதனங்கள் என்று பட்டியல் போட்டால், என்னைக் கேட்டால், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையை முதலில் எழுதுவேன்.

இன்னொரு கூட்டம், ஹோலிக்கு ஊருக்குப் போய்விட்டு பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறித் திரும்புகிறவர்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். ஒரு வாரத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் தேயத் தொடங்கிவிடும். வெட்டவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்று அமெரிக்காவின் ஓஷா அமைப்பு சொல்கிறது. புதிதாக வந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டு என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் முறை. நம் சைட்டில் புது ஆள் முதல் நாளே தன் தெம்பைக் காட்டியாக வேண்டும். ‘எப்ப ஊரிலேர்ந்து வந்தீங்க தம்பி?’ என்ற கேள்வி காலை மீட்டிங்கில் இருந்தாலே பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதை அவருக்குப் புரிகிற இந்தியிலோ ஒடியாவிலோ கேட்க வேண்டும். தமிழில் முடிந்த மீட்டிங்குக்கு அவர் வைத்த கையெழுத்து கோப்புக்கு மட்டுமே உதவும்.

சென்னை வெயிலில் கவசம் இன்னொரு வகையிலும் சிக்கல். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரை ஈரப்பதத்தில் அது ஏற்கெனவே மந்தம், மேலே ஒரு நைலான் ஜாக்கெட் போட்டால் இன்னும் மந்தம். அதனால்தான் பாதுகாப்பியலில் கவசத்தைக் கடைசிப் படியில் வைக்கிறார்கள். ஆபத்தையே நீக்குவது, வேலைமுறையை மாற்றுவது, நேரத்தை மாற்றுவது எல்லாம் அதற்கு முந்தைய படிகள். கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அங்கே கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் கிராமங்களிலேயே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். கேரளத்திலும் கோடைதோறும் தொழிலாளர் துறை நண்பகல் ஓய்வுக்கு உத்தரவு போடுகிறது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. செத்தபின் வரும் தொகை அது. வேலைநேரப் பேச்சு அதற்கு முன்பே நடக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் எல்லாம் தலைகீழ். ரெயின்கோட் வரும், அதற்குள் ஆள் வியர்வையில் நனைவார். நீண்ட கோட்டு முதுகில் உள்ள பெல்ட் வளையத்தை மூடிக்கொள்ளும். கொக்கியை மாட்ட ஒவ்வொரு முறையும் கோட்டைத் தூக்க வேண்டும் என்றால், நாலாவது முறை மாட்டமாட்டார். மின்னும் பட்டைபோட்ட ஜாக்கெட்டும் உள்ளே போய்விடுவதால், மழை இருட்டில் பின்னோக்கி வரும் லாரிக்காரருக்கு ஆள் தெரியாது. வளையத்துக்கு வழிவிட்ட, இடுப்பளவு ஜாக்கெட்டும் பேண்டுமாக, மேலேயே மின்னும் பட்டை தைத்த உடுப்புகள் கடையில் இருக்கின்றன. வாங்குகிறவர் மேலே ஏறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதையே வாங்கியிருப்பார்.

ஷூ கதை இதைவிடக் கொடுமை. ஆளுக்கு ஒரு ஜோடிதான். சாயங்காலம் நனைந்தது மறுநாள் காலையிலும் ஈரம். ஈரக்காலில் சேற்றுப்புண் வரும், அதன்மேல் சிமென்ட் கலவை பட்டால் எரியும். ஈரச் சிமென்ட் கடுமையான காரம், பூட்ஸுக்குள் புகுந்து சாக்ஸில் ஊறினால் தோலையே அரித்துவிடும். தொழிலாளியோ ரப்பர் செருப்புக்கு மாறிவிடுவார். அடுத்த நாள் ஆணி ஏறும். இதற்கு வேண்டியது இரண்டாவது ஜோடியும், தகரக் கொட்டகையில் காற்று வரும் ஒரு மூலையில் ஒரு கொடியும். நனைந்த பெல்ட்டையும் அங்கேயே தொங்கவிடலாம். வெயிலில் காயப்போட்டால் நூல் பலவீனப்படும், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

செலவு யாருடையது என்று கேட்டால் எல்லோரும் மேஸ்திரியைப் பார்ப்பார்கள், மேஸ்திரி கான்ட்ராக்டரைப் பார்ப்பார். சில இடங்களில் ஷூ காசு கூலியில் பிடிக்கப்படுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இதைக் காலை மீட்டிங்கில் ஒருமுறை உரக்கச் சொன்னால், அதுவரை வாய் திறக்காதவர்களும் தங்கள் ஷூவின் ஓட்டையைக் காட்டுவார்கள்.

மழைக்கால உடுப்புக்கான பேச்சை ஆடியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. கால் அளவு எடுத்து, ஆர்டர் போட்டு, சரக்கு வந்து, பொருந்தாததை மாற்றி வாங்குவதற்குள் ஐப்பசி வந்துவிடும். அளவு எடுக்கும்போது சித்தாள்களையும் வரிசையில் நிறுத்துங்கள். ஐந்தாம் நம்பர் ஷூ குடோனில் இருக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.